பொக்கேக்காக வாங்கின 85 எம்எம், இப்ப சுவத்துக்காக வச்சிருக்கேன்

முதல்லயே சொல்லிடறேன், இது சார்ட் மாட்டி வச்சு ஷார்ப்னெஸ் அளந்து பாத்த ரிவ்யூ கிடையாது. நான் இந்த லென்ஸ வச்சு எடுக்கறது கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான், கலர் கலரா பெயின்ட் அடிச்ச சுவரு, மூடிக்கிடக்கற ஷட்டரு, படிக்கட்டு, ம்யூரல்னு சொல்ற பெரிய சுவர் ஓவியம், இந்த மாதிரி எடத்துக்கு முன்னாடி நாய நிறுத்தி எடுக்கறது. மாடல் ரெண்டு பேரு. ஒண்ணு எங்க வீட்டு ஜிக்கி, மூக்குலேந்து வாலு வரைக்கும் கருப்பு, நெஞ்சுல மட்டும் சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி ஒரு வெள்ளக் கீத்து. இன்னொண்ணு ஃப்ரெண்டோட பிஸ்கட், பேருக்கேத்த கலரு. ஒன்றரை வருஷமா வாரம் ஒரு தடவையாவது இந்த லென்ஸோட வெளிய போயிருக்கேன், அதனால கொஞ்சம் பேசலாம்னு நெனைக்கறேன்.

லென்ஸு 85 எம்எம் எஃப் 1.8 (எஃப் நம்பர் கம்மியாக ஆக லென்ஸு அகலமாத் திறக்கும், ஃபோகஸ்ல நிக்கற ஆழம் குறையும்), பாடி ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் இருக்கற கேமரா. கம்பெனி பேரு சொல்லல, ஏன்னா கீழ கொஞ்சம் திட்டப் போறேன், அந்தத் திட்டு பெரும்பாலும் இந்த வகை லென்ஸ் எல்லாத்துக்குமே பொருந்தும். எல்லாக் கம்பெனியும் இதுல ஒண்ணு வச்சிருக்கு. சோனி 2017ல விட்டது 371 கிராம், நிக்கான் இசட் மவுன்ட்ல வர்றது 470 கிராம், கேனான் ஆர்எஃப்ல எஃப் 2 மேக்ரோ 500 கிராம். எஃப் 1.4 பக்கம் போனா வெயிட் எங்கயோ போயிடும். ஒரு கையில லீஷு (நாயக் கட்டின கயிறு) ஒரு கையில கேமரான்னு நிக்கறவனுக்கு அந்த வித்தியாசம் பத்து நிமிஷத்துல மணிக்கட்டுல தெரிஞ்சிடும்.

இத நான் வாங்கினது பொக்கேக்காக, அதாவது படத்துல பின்னாடி இருக்கறது மங்கிக் கரைஞ்சு தெரியற அந்த அழகுக்காக. அத மறைக்க ஒண்ணுமில்ல. நாயோட கண்ணு மட்டும் கூர்மையா, பின்னாடி எல்லாம் வெண்ணெய் மாதிரி கரைஞ்சு போயிருக்கற படத்தப் பாத்துட்டுதான் வாங்கினேன். வாங்கின மொத மாசம் எடுத்த படம் எல்லாத்தையும் எஃப் 1.8ல எடுத்தேன், வேற நம்பரே இந்த லென்ஸ்ல இல்லாத மாதிரி. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பெருசா போட்டுப் பாத்தாதான் கூத்து. கண்ணு ஷார்ப்பா இருக்கும், மூக்கு நுனி மொழுமொழுன்னு இருக்கும், காது ரெண்டும் எங்கயோ மங்கிக்கிடக்கும். கணக்குப் போட்டுப் பாத்தா காரணம் சிம்பிள், ஃபுல் ஃப்ரேம்ல 85 எம்எம், எஃப் 1.8, நாய் 3 மீட்டர் தூரத்துல இருந்தா ஃபோகஸ்ல நிக்கற ஆழம் சுமாரா 13 சென்டிமீட்டர், 2 மீட்டருக்குக் கிட்டப் போனா 6 சென்டிமீட்டர்தான். மனுஷ மூஞ்சி தட்டையா இருக்கறதால அது போதும். நாய்க்கு கண்ணுக்கும் மூக்கு நுனிக்குமே நாலு விரக்கடை இருக்கு, ஜிக்கிக்கு இன்னும் கொஞ்சம் நீளம். போர்ட்ரெய்ட் லென்ஸுன்னு சொல்றாங்களே, அது யாரு மூஞ்சிய நெனைச்சு சொன்னதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

சரி அது கூட பரவால்ல, எஃப் 2.8 வச்சா 3 மீட்டர்ல 21 சென்டிமீட்டர் கிடைக்குது, எஃப் 4ல 30. ஆனா பெரிய பிரச்சனை வேற. சுவத்த கலருக்காகத் தேடிப் போறோம், அதுல செங்கல் இருக்கு, பெயின்ட் உரிஞ்ச எடம் இருக்கு, பழைய போஸ்டர் கிழிஞ்ச தடம் இருக்கு, ஒரு பைப்பு இறங்குது, அந்த எடத்தோட குணமே அதுதான். அத மொத்தமா கரைச்சுட்டா மிஞ்சறது என்ன? ஒரு மஞ்சத் தாள பின்னாடி ஒட்டின மாதிரி. அதுக்கு வீட்டுக்குள்ளயே ஒரு பெட்ஷீட்ட கட்டிட்டு எடுத்திருக்கலாம், எறும்புக் கடியாவது மிச்சமாயிருக்கும். ஆக, இந்த லென்ஸ எதுக்கு காசு கொடுத்து வாங்கினேனோ அந்த எஃப் 1.8 எனக்கு இந்த வேலைல பத்து படத்துல ஒண்ணுக்குக் கூட தேவைப்படல.

அப்ப ஏன் இன்னும் விக்கலன்னு கேப்பீங்க. அதுதான் நான் சொல்ல வந்ததே.

ஊருல சுத்திப் பாத்தா நல்ல கலர் சுவரு இருக்கும், ஆனா நல்ல கலர் சுவரு முழுசா இருக்காது. ரெண்டு மீட்டர் அகலத்துக்கு அட்டகாசமான நீலம், பக்கத்துல கரண்ட் பாக்ஸு, அதுக்குப் பக்கத்துல யாரோ நிறுத்தி வச்ச பைக்கு, மேல ஏசி அவுட்டோர் யூனிட்டு. வைட் லென்ஸ் வச்சா இது எல்லாமே ஃப்ரேமுக்குள்ள வந்து உக்காந்துடும். எங்கிட்ட ஏற்கனவே 35 எம்எம் இருந்துச்சு, அதுல பட்ட கஷ்டம் இதுதான். இப்ப கணக்கப் பாருங்க. நாய் சுவத்துலேந்து 2 மீட்டர் தள்ளி நிக்குது, நான் 85 எம்எம்ல 3 மீட்டர்லேந்து எடுக்கறேன், படத்துல பின்னாடி தெரியற சுவத்தோட அகலம் சுமாரா 2.1 மீட்டர். அதே நாய ஃப்ரேம்ல அதே சைஸுல 35 எம்எம்ல எடுக்கணும்னா நான் 1.2 மீட்டருக்குக் கிட்டப் போகணும், அப்ப பின்னாடி 3.3 மீட்டர் சுவரு வேணும். நாய் அதே சைஸு, ஆனா சுவரு ஒரு மீட்டருக்கு மேல கூடுதலா தேவைப்படுது. அந்த ஒரு மீட்டர்லதான் கரண்ட் பாக்ஸு, பைக்கு, குப்பத்தொட்டி எல்லாம் குடியிருக்கு.

இது புரிஞ்சதுக்கு அப்பறம் தெருவப் பாக்கற பார்வையே மாறிடுச்சு. ஒரு கதவு அகலத்துக்கு கலர் இருந்தா போதும், கிடைச்சதுன்னு அர்த்தம். மூடின ஷட்டர்ல பாதி போதும். ஒரு வீட்டு கேட்டுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு நீலத் துண்டு சுவரு இருந்துச்சு, அதுல மட்டும் நாலு தடவ எடுத்திருக்கேன். மூணாவது தடவ அந்த வீட்டு அம்மா வெளிய வந்து ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஏன் தம்பி, நாய எடுக்கறீங்களா சுவத்த எடுக்கறீங்களா?"ன்னு கேட்டாங்க. ரெண்டும்தாம்மான்னேன். "அப்ப இருங்க, அந்த வாளிய எடுத்துடறேன்"னு சொல்லி அவங்களே ஓரமா இருந்த வாளிய எடுத்துட்டுப் போனாங்க. ஃப்ரேம்ல அந்த வாளி வரவே இல்ல, ஆனா சொல்ல மனசு வரல.

இதுக்கு விலையும் உண்டு. பின்னாடி போக எடம் வேணும். 3 மீட்டர்னா கேக்க கம்மியா இருக்கும், குறுகலான சந்துல முதுகு எதிர் சுவத்துல முட்டிடும். ரோட்டோரம்னா பின்னாடி போகப் போக வண்டி வர்ற பக்கம் போறோம்னு அர்த்தம், வியூஃபைண்டர்ல ஒரு கண்ண வச்சுட்டு ரிவர்ஸ்ல நடக்கற பழக்கத்த மொத நாளே விட்டுடுங்க, ஒரு தடவ ஹாரன் சத்தத்துல ஜிக்கி பயந்ததவிட நான்தான் அதிகம் பயந்தேன். க்ராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமவிட சின்ன சென்சார்) பாடி வச்சிருக்கறவங்களுக்கு இன்னும் மோசம், அங்க இதே ஃப்ரேமுக்கு நாலரை மீட்டர் தள்ளிப் போகணும். அவங்க பேசாம 50 எம்எம் எஃப் 1.8 வாங்கறது நல்லது, விலையும் கம்மி, வெயிட்டும் கம்மி, கிட்டத்தட்ட இதே வேலையச் செய்யும்.

தள்ளி நிக்கறதுல இன்னொரு தொந்தரவு, நாய்க்கு நீங்க ஒரு ஆளாவே தெரிய மாட்டீங்க. 35ல மூஞ்சிக்கு முன்னாடியே இருப்போம், நம்மளப் பாக்கும். 3 மீட்டர்ல படுத்துக்கிட்டு ஒரு கருப்பு வட்டத்த நீட்டினா, ஜிக்கி ஒண்ணு எந்திரிச்சு வந்து லென்ஸ நக்குவா, இல்ல என்னை விட்டுட்டு தெருமுனைல எவன் போறான்னு பாப்பா. அதனால ரெண்டாவது ஆளு கண்டிப்பா வேணும். அந்த ஆளு நாய் பக்கத்துல லீஷப் புடிச்சுட்டு நிக்காம, லீஷ மேல தூக்கி பக்கவாட்டுல நீட்டிப் புடிக்கணும், அப்பதான் அது நாயோட உடம்புக்குக் குறுக்க வராது. லீஷ கழட்டி விட்டு எடுக்கலாமேன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, தெருவுல அது வேணாம். எவ்ளோ ட்ரெயினிங் குடுத்த நாயும் ஒரு பட்டாசு சத்தத்துக்கு நம்மள மறந்துடும். ஒரே கலர் சுவருன்னா லீஷ எடிட்ல அழிக்கறது அஞ்சு நிமிஷ வேலை. ம்யூரல்னா கஷ்டம், அதனால நாய கூட்டிட்டுப் போனதும் கேமராவ அசைக்காம, ஃபோகஸையும் மாத்தாம காலி சுவத்த ஒரு ஷாட் எடுத்து வச்சுக்குவேன், லீஷு இருந்த எடத்துல அத ஒட்டிக்கலாம்.

ஆட்டோஃபோகஸ் பத்தி. அனிமல் ஐ ஏஎஃப், அதாவது கேமராவே மிருகத்தோட கண்ணத் தேடி ஃபோகஸ் வைக்கற வசதி, வந்ததுலேந்து வாழ்க்கையே மாறிடுச்சுன்னு சொல்றது உண்மைதான். சோனி 2019ல ஏ7 3 கேமராவுக்கு ஃபர்ம்வேர்ல (கேமராவோட சாஃப்ட்வேர் அப்டேட்ல) குடுத்துச்சு, நிக்கான் 2020 ஆரம்பத்துல இசட் 6, இசட் 7க்கு குடுத்துச்சு, அதே வருஷம் கேனான் ஆர் 5, ஆர் 6 வரும்போதே நாய், பூனை, பறவை எல்லாத்தையும் கண்டுபுடிச்சுது. லென்ஸ் மோட்டாரும் ஈடு குடுக்குது, பிஸ்கட் நடந்து வரும்போது பத்துக்கு எட்டு கண்ணுல நிக்குது. ஆனா கருப்பு நாய், கருப்பு கண்ணு, நிழல்னு மூணும் சேந்தா கேமரா கண்ணத் தேடித் தேடி கடைசில கழுத்துப் பட்டைல இருக்கற டோக்கன்ல போய் ஒட்டிக்கும், அது பளபளன்னு இருக்கறதால. இதுக்கு நான் கண்டுபுடிச்ச வழி, ஜிக்கிய வெளிச்சமான வானம் இருக்கற பக்கம் மூஞ்சியத் திருப்பி உக்கார வைக்கறது. கண்ணுல ஒரு வெள்ளப் புள்ளி விழுந்துட்டா போதும், கேமராவும் புடிச்சுக்கும், படத்துலயும் உயிர் வந்துடும்.

சிரிக்காதீங்க, இன்னொண்ணு. ஒரு பெரிய ம்யூரலுக்கு முன்னாடி எடுத்தோம், அதுல ஒரு பூனை வரைஞ்சிருந்துச்சு, கண்ணு மட்டும் ஒரு தட்டு சைஸுக்கு, பச்சையா. நாற்பது ஷாட்டு எடுத்தேன், ஜிக்கி அன்னிக்குன்னு பாத்து தலைய சாச்சு, நாக்க வெளிய விட்டு, இருக்கற எல்லா அழகையும் காட்டினா. வீட்டுக்கு வந்து பாத்தா முப்பது ஷாட்டுக்கு மேல ஃபோகஸு அந்தப் பூனை கண்ணுல. ஜிக்கி கருப்பா ஒரு மேகம் மாதிரி முன்னாடி. அப்பலேந்து முகம் வரைஞ்ச சுவருன்னா சின்ன ஃபோகஸ் பாயின்ட் மட்டும் போட்டு நாய் கண்ணுல நானே வைக்கறேன்.

இப்ப திட்டு. எஃப் 1.8லயும் எஃப் 2லயும் ஊதா விளிம்பு வருது. மீசை முடி ஒவ்வொண்ணுலயும், கருப்பு முடி வெளிச்சமான சுவத்தத் தொடற எடத்துலயும், ஃபோகஸுக்கு முன்னாடி இருக்கறது ஊதாவா, பின்னாடி இருக்கறது பச்சையா ஒரு கோடு கட்டும். சாதாரண படத்துல எடிட்ல இந்த விளிம்புக் கலர அழிக்கற டீஃப்ரிஞ்ச் ஸ்லைடரத் தள்ளினா போயிடும். ஆனா நம்ம எடுக்கறது கலர் சுவத்துக்கு முன்னாடி, சுவரே ஊதாவா இருந்தா அந்த ஸ்லைடருக்கு எது லென்ஸ் பண்ண தப்பு, எது பெயின்டுன்னு தெரியுமா? நாய சுத்தி சாம்பல் கலர்ல ஒரு கோடு இழுத்து வச்சிடுது, பென்சில்ல வரைஞ்ச மாதிரி. எஃப் 2.8 தாண்டினா இந்தத் தொல்லை முக்கால்வாசி போயிடுது, எஃப் 4ல தேடினாலும் கிடைக்கல. அதுவும் சேந்துதான் என்னை எஃப் 4லயே உக்கார வச்சுது.

குறைஞ்சபட்ச ஃபோகஸ் தூரம் 80 சென்டிமீட்டர். பாதம் மட்டும், மூக்கு மட்டும்னு க்ளோஸப் எடுக்க ஆசைப்பட்டா ஏமாந்துடுவீங்க. கேனானோட எஃப் 2 மேக்ரோ இதுல 35 சென்டிமீட்டர் வரைக்கும் போகுது, அது ஒரு நல்ல காரணம் அந்தப் பக்கம் போக.

கலர் எப்படி வருதுன்னு கேட்டா, லென்ஸ குறை சொல்ல ஒண்ணுமில்ல, சொல்ல வேண்டியது சுவத்தப் பத்திதான். வெயில் அடிக்கற செவப்பு சுவத்துல எக்ஸ்போஷர் (படத்துல விழற வெளிச்சம்) சரியா இருக்கற மாதிரியே கேமராவோட லைட் மீட்டர் காட்டும், ஆனா ரெட் சேனல், அதாவது செவப்பு மட்டும், தனியா அளவு மீறி வெடிச்சிருக்கும், செங்கலோட கோடெல்லாம் போயி ஒரே அப்பலா இருக்கும். செவப்பு, பச்ச, நீலம் மூணையும் தனித்தனியாக் காட்டற ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் வரைபடத்த கேமராவுல ஆன் பண்ணி வச்சுக்கோங்க. இன்னொண்ணு, சுவரு கலர் நாய் மேல விழும். ஜிக்கி நீல சுவத்துக்குப் பக்கத்துல நின்னா அவ முதுகுல காக்கா இறக்கை மாதிரி ஒரு நீல மினுமினுப்பு வரும், அது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். அதே பிஸ்கட்ட பச்ச சுவத்துல நிறுத்தினா தாடைக்குக் கீழ இருக்கற வெளிர் முடி பச்சையடிச்சு ஒடம்பு சரியில்லாத நாய் மாதிரி இருக்கும். தரையும் அப்படித்தான், நம்மளவிட நாய்க்கு அது முக்கியம், ஏன்னா அதோட வயிறும் தாடையும் தரைலேந்து ரெண்டடிக்குள்ளதான் இருக்கு. செவப்பு பெயின்ட் அடிச்ச தரைல வெள்ள நாய எடுத்துப் பாருங்க, அப்பறம் எடிட்ல உக்காந்து அழுங்க. அதனால சுவத்துலேந்து ரெண்டு மீட்டராவது தள்ளி நிறுத்துங்க, கலரும் மேல ஏறாது, நாயோட நிழலும் சுவத்துல விழாது. நேர் வெயில் வேண்டாம், சுவரும் நாயும் ரெண்டுமே நிழல்ல, எதிர்ப்பக்கம் வெளிச்சமா இருந்தா அதுதான் சொர்க்கம். மப்பும் மந்தாரமுமா இருந்தா இன்னும் நல்லது, எண்ணெய் பெயின்ட்ல பளபளப்பு இல்லாம கலர் அடர்த்தியா தெரியும்.

கருப்பு நாய்க்கு மஞ்சளும் வெளிர் நீலமும், பிரவுன் நாய்க்கு நீலம், இதுதான் என் அனுபவம். கருப்புக்கு மஞ்ச சுவரு வச்சா லைட் மீட்டர் சுவத்தப் பாத்து படத்த இருட்டாக்கிடும், நாய் ஓட்டை மாதிரி ஆயிடும், நான் வெளிச்சத்த அரை ஸ்டாப்பு முக்கால் ஸ்டாப்பு (ஒரு ஸ்டாப்புன்னா வெளிச்சம் ரெட்டிப்பு) கூட்டி வச்சுடுவேன். சரி, இந்தக் கலரெல்லாம் அதுங்களுக்குத் தெரியுமான்னா, பாதிதான். நாய்ங்க கண்ணுல ரெண்டே வகை கூம்பு செல்தான், ஒண்ணு 429 நானோமீட்டர் பக்கம், ஒண்ணு 555 பக்கம், 1989ல அளந்து பாத்து எழுதியிருக்காங்க. நீலமும் மஞ்சளும் புரியும், செவப்பும் பச்சையும் அதுங்களுக்கு ஒண்ணுதான். நான் உசுரக் குடுத்துத் தேடின அந்த செவப்பு ஷட்டரு ஜிக்கிக்கு வெறும் பழுப்புக் கதவு. ஆனா இதுல ஒரு லாபம் இருக்கு, கவனத்தத் திருப்ப பந்து காட்டறீங்கன்னா நீலத்துலயோ மஞ்சள்லயோ வாங்குங்க, செவப்புப் பந்து வேஸ்ட்டு.

சத்தம் குடுத்து பாக்க வைக்கறது தனிக் கலை. கீச் பொம்மைய மொத தடவ அமுக்கினா காது ரெண்டும் நட்டுக்கும், ரெண்டாவது தடவ தலைய சாய்க்கும், நாலாவது தடவ திரும்பிக்கூட பாக்காது. அதனால லைட்டு, ஃப்ரேமு, ஃபோகஸு எல்லாம் ரெடியானதுக்கு அப்பறம்தான் அமுக்கணும். எலியட் எர்விட்னு ஒரு பெரிய போட்டோகிராஃபர் இருந்தாரு, நாய்ங்களப் பாத்து இவரே குரைச்சு எடுப்பாருன்னு சொல்லுவாங்க. 1974ல நியூயார்க்ல எடுத்த அவரோட படம் ஒண்ணு, குட்டி நாய், பக்கத்துல பூட்ஸ் போட்ட கால், அந்தப் பக்கம் ரெண்டே ரெண்டு நீளமான நாய்க் கால், கேமரா அந்தக் குட்டி நாயோட கண்ணு மட்டத்துல தரையோட தரையா இருக்கும். கருப்பு வெள்ளைதான், ஆனா எவ்ளோ கீழ போகணும்ங்கறதுக்கு அதவிட நல்ல பாடம் இல்ல. நான் குரைச்சும் பாத்தேன், ஜிக்கி என்னைப் பாத்த பார்வைல இனிமே வேண்டாம்னு தோணிடுச்சு.

செட்டிங்ஸ் கேக்கறவங்களுக்கு, நாய் உக்காந்திருந்தா ஷட்டர் வேகம் 1/500 செகண்டு, மூச்சு வாங்கறப்ப தலையே ஆடும், அதனால அதுக்குக் கீழ போறதில்ல. நடந்தா 1/1000, ஓடினா 1/2000. எஃப் 4, ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு) ஆட்டோ. பதினஞ்சு இருபது நிமிஷத்துக்கு மேல இழுக்காதீங்க. சும்மா சும்மா கொட்டாவி விட்டா, உதட்ட நக்கினா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அதுக்குப் போரடிக்குதுன்னு இல்ல, சங்கடமா இருக்குன்னு அர்த்தம், கெளம்பிடுங்க. வெயில் காலத்துல பொறங்கைய தரைல ஏழு செகண்டு வச்சுப் பாருங்க, உங்களால முடியலன்னா அதாலயும் முடியாது.

ஃபுல் ஃப்ரேம் வச்சிருந்து, நடமாட எடம் இருக்கற தெரு பக்கத்துல இருந்து, கூட ஒரு ஆளு வருவாங்கன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம், அஞ்சுக்கு நாலு குடுக்கறேன். தனியாப் போறவங்க 50 எம்எம் பாருங்க. பழைய எஃப் 1.8 எந்தக் கம்பெனில செகண்ட்ஹேண்ட்ல கிடைச்சாலும் போதும், எஃப் 4ல வச்சுட்டா புதுசுக்கும் பழசுக்கும் நாய்ப் படத்துல வித்தியாசம் கண்டுபுடிக்கறது ரொம்ப கஷ்டம். வாங்கும்போது ஹூட் (லென்ஸ் முன்னாடி மாட்டற வளையம்) இருக்கான்னு பாத்து வாங்குங்க, வெளிச்சத்துக்காக மட்டும் இல்ல, மூக்கு வந்து இடிக்கறது அதுலதான். என்னுது விளிம்பு முழுக்க ஜிக்கியோட பல்லு பதிஞ்சிருக்கு, இப்பல்லாம் சரியா மாட்டக்கூட மாட்டேங்குது, ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கேன்.